பெரியப்பாவின் திருப்தி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் திருப்தி என்ற சொல்லை உயிரோடிருப்பவர்கள் தங்களுக்கென்று சொல்லிக்கொள்வதில்லை. வயிறு நிறைந்தால் போதும் என்பார்கள், அவ்வளவுதான். செத்தவருக்குப் படைத்த சோற்றைக் காகம் வந்து கொத்தினால்தான் அந்தச் சொல் வெளியே வரும். அதற்குப் பிறகே வீட்டில் இலை போடுவார்கள்.

பெரியப்பாவின் கருமாதியன்று காகம் வரவில்லை. பெரியம்மா சோறும் கோழிக்குழம்பும் கருவாட்டுப் பொரியலும் தகரக் கூரையில் வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். பெரியப்பா கடைசியாகப் பெரட்டில் பேர் கொடுக்கப் புறப்பட்ட காலையில் இருவருக்கும் சண்டை. சுட்டு வைத்த ரொட்டியைத் தொடாமல் கோபத்தோடு மலைக்கு வேலைக்குப் போனவரை நெஞ்சுவலி அங்கேயே கொண்டுபோய்விட்டது. வெறும் வயிற்றோடு போனவர் இன்றாவது சாப்பிட வேண்டும். பெரியம்மாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கதையை அப்போது என் காதில் மட்டும் யாரும் போட்டிருக்கவில்லை.

மழை தூறியது. வட்டகொடையில் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டிய சித்தப்பா, கைப்பேசியில் காகம் கரைவதைச் சத்தமாகப் போட்டார். சவுக்கு மரத்தில் இருந்த ஒற்றைக் காகமும் பறந்துவிட்டது.

"இன்னும் கோவம் தீரலையா உங்களுக்கு?" என்று பெரியம்மா கூரையைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. தோட்டத்துக் காகங்களை என்னைவிட யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அவற்றுக்கு ரொட்டித் துண்டு போடுகிறவள் நான். சோற்றை அவை திரும்பியும் பார்க்காது. எங்கள் வீட்டுக் காம்பராவுக்குள் ஓடி, காலையில் அம்மா சுட்டதில் மிஞ்சிய ரொட்டியை எடுத்து வந்தேன். படையலில் ரொட்டி வைக்கிற வழக்கமில்லை என்று சித்தப்பா அதட்டினார். அதற்குள் பாதியைப் பிய்த்துக் கூரைமேல் வீசிவிட்டேன்.

காகம் வந்தது. சோற்றை மிதித்துக்கொண்டு போய் ரொட்டியைக் கவ்வியது.

"திருப்தி" என்றார் சித்தப்பா, செருப்பைத் தேடிக்கொண்டே.

பெரியம்மா வாய்விட்டு அழுதார். அவ்வளவு பாடுபட்டு ஆக்கியதைக் காகம் மதிக்கவில்லையே என்றுதான் அழுகிறார் என நினைத்தேன். பாவமாக இருந்தது.

"சோத்தையும் திங்கும் பெரியம்மா, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

அவர் என் கையிலிருந்த மீதி ரொட்டியை வாங்கி, தூறலில் நின்றபடியே, ஒரு துண்டும் விடாமல் சாப்பிட்டார். உள்ளே அத்தனை கறி இருக்க, காய்ந்த ரொட்டியை யாராவது தின்பார்களா? பெரியம்மாவுக்கு நல்ல பசி என்று முடிவுசெய்துகொண்டேன்.