வையங்கதை காய்க்கவில்லை

கல்லூரியில் இருபது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். வில்லோவும் பாப்லரும் அடங்கிய குடும்பம் வந்துவிட்டால் என் குரல் தானாக உயரும். அந்தக் குளிர்நாட்டு மரங்களை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஆண் பூ ஒரு மரத்தில், பெண் பூ வேறொரு மரத்தில், அல்லி இதழே கிடையாது என்றெல்லாம் அவற்றோடு கூடப் பிறந்தவன் போலச் சொல்லுவேன். நம் பக்கத்து வையங்கதை மரத்தையும் இப்போது இந்தக் குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று முடிப்பேன்.

அந்த வையங்கதை ஒன்று தென்காசியில் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நின்றது. புளியறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அதன் கருஞ்சிவப்புப் பழத்தைத் தின்று பார்த்த என் மனைவி, ஆசைப்பட்டு வாங்கி வந்த கன்று. குற்றாலத்துச் சாரலுக்கு மதமதவென்று வளர்ந்தது. வருடம் தவறாமல் பூத்தது. ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் பக்கத்து வீட்டு அக்கா அதை மலட்டு மரம் என்று சொன்ன நாளிலிருந்து, எப்படியாவது அதைக் காய்க்க வைத்துவிட வேண்டும் என்று மனைவி வைராக்கியமாக இருந்தாள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள். கண்ணேறுக்குப் பழைய விளக்குமாறு கட்டினாள். நான் அறிவியல் மனப்பான்மை பற்றி அவளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, என் பங்குக்கு உரம் வாங்கிப் போட்டேன்.

போன பருவத்தில் அந்த மரத்தடியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆண் மரம் காய்க்காது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. முழு மதிப்பெண் போட்டேன். தாளின் மேல் ஒரு பூ விழுந்தது. சும்மா லென்ஸை வைத்துப் பார்த்தேன். மகரந்தத் தாள்கள் கொத்தாக நின்றன, சூலகத்தைக் காணோம். இன்னும் பத்துப் பூ பறித்துப் பார்த்தேன். பத்தும் ஆண். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் அந்தச் சுரைக்காயை வைத்துத்தான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

சிரிப்புத் தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டு, இது ஆண் மரம், என்ன செய்தாலும் காய்க்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை. விளக்குமாற்றை அவிழ்த்துக் கீழே போட்டாள்.

"இத்தன டாக்டர்ட்ட என்னயக் கூட்டிட்டுப் போனிய. ஒருதடவயாவது ஒங்களயும் பாக்கச் சொன்னியளா?"

ஒவ்வொரு முறையும் நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. பயமாக இருந்தது.