நீலத் திரையில் பதினோரு நிமிடம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற ஆண்டு, ஷார்ஜா முவைலாவில் உள்ள எங்கள் ஃபிளாட்டில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், படமே ஓடாத டிவியைப் பதினோரு நிமிடம் கண்கொட்டாமல் ரசித்தவன் நான்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. மகள் உயிராக நினைக்கும் ஜப்பானிய அனிமேஷன் படங்களை நான் வருடக்கணக்காக 'பொம்மைப் படம்' என்றே சொல்லிவந்தேன். படிக்காத புத்தகத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசக்கூடியவனுக்கு, பார்க்காத படத்தைப் பழிப்பது பெரிய காரியமா? அவள் என்னிடம் படங்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். பிறகு மற்றவற்றைப் பற்றியும். அடுத்த மாதம் கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குப் போகப்போகிறாள் என்ற நிலையில்தான் எனக்கு உறைத்தது. உனக்குப் பிடித்த ஒரு படத்தைக் காட்டு, முழுசாகப் பார்க்கிறேன் என்றேன்.

"ஒரு கண்டிஷன்ப்பா. நடுவுல கமென்ட் அடிக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. மீறினீங்க, கலாஸ், அவ்ளோதான்! லேப்டாப்பை மூடிடுவேன்."

லேப்டாப்பை ஒயர் போட்டு டிவியோடு இணைத்தாள். நான் வைராக்கியத்தோடு உட்கார்ந்தேன். சோதனை முயற்சிப் படமாம். கதாநாயகன் பென்சில் கோடாக ஓடினான். தெருமுனை திரும்பியதும் வாட்டர் கலரில் கரைந்தான். திடீரென்று, வரைந்த உடம்பின் மேல் நிஜ மனிதனின் புகைப்பட முகம்! நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கால் மாற்றிப் போட்டேன். அந்தக் கணம் திரை முழுக்க நீலமானது. சத்தம் அடங்கியது. 'நோ சிக்னல்' என்ற எழுத்து மட்டும் இங்குமங்கும் மிதந்தது.

அசந்துபோனேன். ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ளாத மனிதர்களை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் வீட்டைப் பற்றியே எடுத்திருக்கிறார்கள்! ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தேன். அவளும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கியே விட்டது.

டீயோடு வந்த மனைவிதான் கேட்டாள். "என்னங்க, ஒயரைக் காலால இழுத்துப் போட்டுட்டு ரெண்டு பேரும் என்னத்தப் பாக்குறீங்க?"

மகள் சோபாவிலிருந்து சரிந்து, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "எவ்ளோ நேரம் தாங்குறீங்கன்னு பாத்தேன்ப்பா! லெவன் மினிட்ஸ்! அழுதீங்க வேற!"

அவள் என்னோடு சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒயரை மாட்டி, மீதிப் படத்தை நிறுத்தி நிறுத்தி விளக்கினாள். பாதி புரியவில்லை. ஆனால், நான் எழுந்திருக்கவில்லை.

இப்போது அவள் ஹாஸ்டலில். வெள்ளிக்கிழமைதோறும் அவள் அங்கே லேப்டாப்பில் ஓடவிட்டு, ஹாஸ்டல் வைஃபை வழியாகப் பகிரும் படத்தை நான் இங்கே பார்க்கிறேன். புரியாத ஒன்றின் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் பாசம்தான் என்பதை அந்த நீலத் திரையிடம்தான் கற்றேன். போன வாரம் படம் பாதியில் அப்படியே நின்றது. பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்துப் போனில் மெசேஜ் வந்தது.

"அப்பா, இது ஆர்ட் இல்ல. இங்க கரன்ட் போயிடுச்சு."