கோப்பைக்காகச் செத்த கதை

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில், மைக் வைத்த மேடையில், நான் செத்துப்போயிருக்க வேண்டியது!

(பதறாதீர்கள். சாயங்காலமே பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, ரசம் வைத்துச் சாப்பிட்டும் ஆயிற்று.)

பேத்தி யாழினி எங்கள் தெரு மிஸ்ஸிடம் இங்கிலீஷ் டியூசன் போகிறாள்.

அந்த மிஸ்ஸின் அம்மா, என் மகன் கல்யாணப் பந்தியில் 'சாம்பார்ல உப்பில்ல' என்று பாதியில் எழுந்து போனவள். (நான் அதை மறந்துவிட்டேன். தினமும் மறக்கிறேன்.)

இங்கிலீஷ் பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, என் பாட்டி.

மிஸ் எழுதிக் கொடுப்பார், பிள்ளைகள் மனப்பாடம் செய்யும். அதுதான் அங்கே வழக்கம்.

யாழினி வீட்டில் ஒப்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் பெருமை! முடிக்கும்போது மட்டும் கண்ணைத் துடைப்பாள்.

"ஏட்டி, அங்க மட்டும் எதுக்கு அழுத?"

"அங்கதான் அப்பத்தா நீ செத்துப்போற."

நேரே மிஸ் வீட்டுக்குப் போனேன்.

"ஏம்மா, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். என்னைய எதுக்குக் கொன்ன?"

"கோவப்படாதிய ஆச்சி. அந்த பாராவுலதான் ஜட்ஜ் கண்கலங்குவாக. போன வருசம் எம் மக இதையேதான் பேசுனா. பர்ஸ்ட் பிரைஸ்!"

"அப்போ செத்தது யாரு?"

"எங்கம்மாதான்."

உள்ளேயிருந்து அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "அந்தா இருக்கு பாருங்க மதினி, கப்பு!"

டிவிக்கு மேலே மின்னியது. எனக்குச் சுருக்கென்றது.

அவள் சாவாள், நான் சாக மாட்டேனா?

"நல்லாவே கொல்லும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று போட்டி. முன்வரிசையில் உட்கார்ந்தேன். (அதுதான் தப்பு!)

கடைசி பாரா வந்தது. யாழினி என்னைப் பார்த்தாள். பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

நான் கையால் ஜாடை காட்டினேன், 'சொல்லு, சொல்லு!'

அவள் திக்கித் திணறி ஏதோ சொன்னாள். சபையே சிரித்துக் கைதட்டியது.

"என்னம்மா சொல்லுதா?" என்று பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

"'எங்க அப்பத்தா சாகல, அந்தா உக்காந்திருக்கா, செத்துட்டேன்னு சொல்லச் சொல்லி அவளே கையக் காட்டுதா'ங்கா பாட்டி!"

மிஸ் எழுதிக் கொடுக்காமல் அவள் பேசிய முதல் இங்கிலீஷ்.

கிடைத்தது ஆறுதல் பரிசு. ஒரு சோப்பு டப்பா.

தெருமுனையிலேயே மிஸ்ஸின் அம்மா நின்றிருந்தாள். "ஆறுதல்தானா மதினி? நான் செத்ததுக்கு பர்ஸ்ட்டாக்கும்!"

"பொறவு? நீங்க செத்தா பரிசு குடுக்கத்தான செய்வாக!"

அந்தச் சாம்பாருக்கு ஒருவழியாக உப்புப் போட்டுவிட்டேன்.

போதுமா, இன்னும் கொஞ்சம் போடவா? நீங்களே சொல்லுங்கள்!