கப்பல் முளையும் பால்காரர் மாடும்

என் அக்காவைக் கட்டிய அத்திம்பேர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு விடுமுறைக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவர் பெட்டியில் ஒரு சாண் நீளத்துக்கு மர முளை ஒன்று இருந்தது. ஒரு முனை கூர், மறுமுனை கைக்கு அடக்கமான பருமன். கயிற்றின் புரிகளுக்கு நடுவே அதைச் செருகி வழி உண்டாக்கி, இன்னொரு புரியை நுழைத்துப் பின்னிவிடலாம். முடிச்சே வேண்டாம். அத்திம்பேர் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். நாங்கள் கப்பல் முளை என்றோம்.

கிணற்றுக் கயிறு, துணி உலர்த்தும் கொடி, பரண் மேல் கிடந்த தூளிக் கயிறு எல்லாவற்றையும் பின்னி முடித்தார். வீட்டில் கயிறு தீர்ந்ததும் வாசலுக்கு வந்தார்.

அப்போதெல்லாம் பால்காரர் மாட்டையே ஓட்டி வந்து, வாங்குபவர் கண்ணெதிரில் கறப்பார். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எங்கள் ஜன்னல் கம்பியில் கட்டிக் கறந்த பிறகு கோடி வீட்டு மாமிக்குப் போக வேண்டும். இன்னொரு நாள் காபி தாமதமானால் வேறு பால்காரரை வைத்துக்கொள்வதாக மாமி முந்தின நாள்தான் எச்சரித்திருந்தாள்.

பால்காரர் மாட்டின் மடியில் கண்ணாக இருந்தார். அத்திம்பேருக்குக் கம்பியில் இருந்த முடிச்சு பிடிக்கவில்லை. அவிழ்த்தார். கயிற்றின் நுனி தோதாகப் பிரிந்து கிடந்தது. அதைக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்து, முளையைச் செருகி, கயிற்றோடு கயிறாகப் பின்னிவிட்டார்.

கறந்து முடித்த பால்காரர் முடிச்சைத் தேடினார். கம்பிக்குப் பின்னாலும் தேடினார்.

"சாமி, முனை எங்கங்க?"

"முனையே கிடையாது. அதான் விசேஷம்" என்றார் அத்திம்பேர்.

"அப்ப மாட்டை எப்படிங்க ஓட்டிட்டுப் போறது?"

அத்திம்பேர் இதை யோசித்திருக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த அப்பா, "மாப்பிள்ளே, ஜன்னலோட ஓட்டிண்டு போகச் சொல்றேளா?" என்றார்.

"பிரிச்சுடறேன். ஆனா மாடு இழுக்கப்படாது. இழுக்க இழுக்க இறுகும்."

மாட்டிடம் இதைச் சொல்ல ஆளில்லை. கோடி வீட்டுக்குப் போகிற வேளை வந்துவிட்டதால் அது இழுத்தது.

மாட்டின் கழுத்துப் பக்கம் அவிழ்க்கலாம் என்றால், அந்த முடிச்சு வருஷக்கணக்கில் இறுகி மரக்கட்டையாகியிருந்தது. அம்மா அரிவாள்மணையைக் கொண்டுவந்தாள். பால்காரர் குறுக்கே நின்றார்.

"செவ்வாக்கிழமை அதுவுமா மாட்டுக் கயித்தை வெட்டறதாங்கம்மா?"

"அப்போ அந்த மாமியை இங்கே வரச் சொல்லேன்."

"வரமாட்டாங்க. அவங்க வாசல்ல கறந்தாத்தான் பாலு. இங்க கறந்து எடுத்துட்டுப் போனா தண்ணின்னுடுவாங்க. ஒரு வீடு போச்சு எனக்கு!"

அத்திம்பேர் முளையை ஓங்கிச் செருகினார். மாடு ஓங்கி இழுத்தது. கயிறு நட்டநடுவில் பட்டென்று அறுந்தது.

"பின்னின இடம் விட்டுதா, பாருங்கோ!" என்றார் அத்திம்பேர்.

விடவில்லை. கம்பியில் வளையம் கெட்டியாக நின்றது. அப்பா குனிந்து பார்த்தார். பால்காரரும் இழுத்துப் பார்த்து, "கெட்டிதாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் மாட்டின் நினைவு வந்து, செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மாடு வழக்கமான இடத்தில், மாமியின் வாசலில், அசை போட்டுக்கொண்டு நின்றது. மாமி பாத்திரத்தோடு காத்திருந்தாள்.

"மாடு வேளைக்கு வந்துடுத்து. நீ எங்கேப்பா போனே?"