மூன்று ஷிப்டும் ஒரு கந்தகச் சட்டியும்

மூட்டைப்பூச்சி என்றால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கட்டும், தட்டி வீட்டில் ஒரு நாள் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். நான் கல்யாணமாகித் தங்கவயலுக்கு வந்தபோது, சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டிகளால்தான் வரிசையாக வீடு கட்டியிருந்தார்கள். லைன் என்போம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே தட்டி. அதன் இடுக்கெல்லாம் பூச்சி.

என் வீட்டுக்காரருக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறும். பகலில் தூங்கவேண்டிய வாரம்தான் பெரும்பாடு. ஜன்னல் இல்லாத வீடு, கதவைச் சாத்தினால் இருட்டு. பூச்சிக்கு அது போதும். படுத்த மனிதர் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து உட்கார்ந்து முதுகைச் சொறிவார். சோற்றுத் தட்டின் முன்னால் தலை ஆடும்.

"தூங்காம கீழ எறங்கறது எமன்கூட வெளையாடற மாதிரிமே," என்றார் ஒரு நாள்.

அன்றிலிருந்து இந்த மனிதரைத் தூங்கவைக்க வேண்டும், வேறு கவலையே எனக்கு இல்லை.

என்னதான் செய்யவில்லை! நொச்சியும் வேப்பிலையும் பாயடியில் பரப்பினேன். வாடை பிடிக்காமல் தலைமாட்டில் இருந்தது கால்மாட்டுக்குப் போயிற்று, சாகவில்லை. இலை காய்ந்ததும் பழைய இடத்துக்கே வந்தது. கோழி இறகை மண்ணெண்ணெயில் தோய்த்து இடுக்கிடுக்காகத் தடவினேன். எண்ணெய் பட்டது செத்தது, படாதது உள்ளே பத்திரமாக இருந்தது. கொஞ்ச நாளில் முட்டை பொரித்து எள்ளை விடச் சிறிதாகப் புதுசு புதுசாக ஊர்ந்தன. பட்டினி போட்டாலும் சாகாத ஜென்மம் அது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு முறை குடும்பத்தோடு வேலூர்ப் பக்கம் போய், மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைத்திருந்தாள். திரும்பி வந்து படுத்த அன்றே கடித்தது.

கடைசியில் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் கந்தகம் வாங்கினேன். சட்டியில் தணலைப் போட்டு, மேலே தூவி, கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையோடு இருமிக்கொண்டே ஓடி வந்தாள்.

"இன்னாமே, உன் வூட்டுப் பூச்சிய எல்லாம் என் வூட்டுக்கு ஓட்டிவுட்டு இங்க குந்திகினு கீறியா? வந்து பாரு, தட்டியெல்லாம் ஊருது!"

"நானாக்கா வழி காட்டி அனுப்ச்சேன்?" என்றேன். எனக்கும் வாய் கொஞ்சமா?

சில நாள் பேச்சே இல்லை. பிறகு அவள் சட்டி வைத்தாள். அத்தனையும் என் வீட்டுக்கு வந்தது. இரண்டு பேரும் வாசலில் நின்று ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம், சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வீட்டுக்குப் புகை போட்டால் புண்ணியமில்லை, லைன் முழுவதும் ஒரே நேரத்தில் போடவேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

வீடு வீடாகப் போய்க் கேட்டோம். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. "இப்பதான் ஷிப்ட் முடிஞ்சி வந்து படுத்தாரு, எழுப்பாதீங்கக்கா," என்பாள் ஒருத்தி. மாலையில் போனால் வேறொரு வீட்டில் வேறொருவர் தூங்குவார். மூன்று ஷிப்ட் ஓடுகிற ஊரில் எல்லா வீடும் காலியாக இருக்கிற நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமையிலும் யாராவது படுத்திருந்தார்கள். "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வூட்டக் கொளுத்துவாங்களா? வுடுங்க," என்று ஒரு கிழவர் கேலி செய்தார். வீட்டுக்கு வீடு போடக் கந்தகத்தை வாங்கி அக்கா வீட்டில் வைத்துவிட்டு, நாங்கள் நாள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அதற்குள் என் வீட்டுக்காரர் போய்விட்டார். வெடி வைத்த புகை அடங்கட்டும் என்று லெவலில், அதாவது சுரங்கத்தின் ஒரு தளத்தில், உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே கீழ் லெவலுக்குக் கல் தள்ளுகிற ஓட்டை. "உக்காந்துகினே தூங்கிட்டாரும்மா. கூப்டறதுக்குள்ள ஓட்டையில சாஞ்சிட்டாரு," என்றான் கூட இருந்தவன். ஐயோ, அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்குக் காது இருந்ததே!

சுரங்கத்தில் சாவு விழுந்தால் எங்கள் லைனில் அன்றைக்கு யாரும் கீழே இறங்கமாட்டார்கள். நாங்கள் வேதக்காரர்கள், பெண்களும் கல்லறை வரை போவோம். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், சாமி கும்பிடுகிறவர்கள் என்று பார்க்காமல் லைனே திரண்டு வந்தது. நோயாளியைக்கூடக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கைக்குழந்தைக்காரி என்பதால் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வரவில்லை.

மண் போட்டுவிட்டுத் திரும்பினோம். லைன் முனையிலேயே கந்தக நெடி. எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. வாசலுக்கு வாசல் அணைந்த சட்டி. குழந்தையை மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, அக்கா என் வீட்டிலிருந்து செத்த பூச்சிகளை முறத்தில் வாரிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முறத்தைப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

"எல்லா வூடும் காலியா இருந்திச்சி தங்கச்சி. மனசு கேக்கல. நீயாச்சும் தூங்குமே," என்று கதறினாள்.

திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியாமல் நானும் அவளை இறுக்கிக்கொண்டேன். பாயை விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். முட்டைகள் எங்கோ இருந்திருக்கும், பின்னால் பொரித்தும் வந்தன. ஆனால் அன்றைக்கு ஒன்றும் கடிக்கவில்லை. அழுதுகொண்டே படுத்தவள், மறுநாள் வெயில் ஏறும்வரை அசையாமல் தூங்கினேன். அந்த மனிதருக்கு நான் கொடுக்க நினைத்த தூக்கம் அது.