வெடிப்பின் மேல் ஒட்டின அ

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை, தேயிலை ஃபெக்டரியில் வந்தது. அந்தக் காலத்தில் தகரத்தில் எழுத்தை வெட்டி, தேயிலைப் பெட்டி மேல் வைத்து மை தடவுவார்கள். அந்தத் தகரத்தை வெட்டினவன் நான். என் கையால் வெட்டின எழுத்து கப்பலேறி லண்டனுக்குப் போயிருக்கிறது. இன்றைக்குப் பதுளை பஸாரில் மூன்று மாடியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானாக ஏறினேன். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் முடிக்காமல் விட்டதில்லை என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

செத்துப்போன என் தங்கச்சிக்கு ஒரே மகள். பூனாகலைப் பக்கம், நான் பிறந்த அதே தோட்டத்தில், அதே லயத்து வரிசை வீட்டில் இருந்து கொழுந்து பறிக்கிறாள். புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்கு வருவான். ஒரு பெண் குழந்தை, ஐந்து வயது ஆகப்போகிறது. போன மழையில் லயத்துக்கு மேலே மலையில் நீளமாக வெடிப்பு விட்டுவிட்டது. அரசாங்க ஆட்கள் வந்து அளந்து பார்த்து, இங்கே இருக்கக்கூடாது என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். எங்கே போய் இருப்பது என்று அந்தப் பலகையில் இல்லை. பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவும் அதே மலைக்குக் கீழேதான், அதைப் பூட்டிவிட்டார்கள். பகலில் அங்கே இருந்தால் ஆபத்தாம், இராத்திரி லயத்தில் படுத்தால் ஆபத்து இல்லைபோல.

மழை கொட்டின அந்த நாட்களில் தாயையும் பிள்ளையையும் வேன் அனுப்பிக் கூட்டிவந்து என் வீட்டில் வைத்திருந்தேன். என் மகனின் பெண்சாதி ஃபோனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். யாரோ ஒரு அம்மா, மினுமினுக்கிற தாள், பஞ்சு, கலர் பசை எல்லாம் வைத்துப் பிள்ளைக்கு எழுத்து செய்து காட்டுகிறாள். குழந்தை அதைவிட்டு நகரவில்லை. அந்தச் சாமானெல்லாம் எதற்கு, நான் செய்கிறேன் பார் என்றேன். கடை அட்டைப் பெட்டியில் அ வெட்டினேன், ஒரே வெட்டு, பிசிறு இல்லை. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை வைத்துக் குழந்தை பென்சிலால் சுற்றி வரைந்தாள். கோதுமை மாவில் பசை காய்ச்சி, அவுக்கு அரிசி ஒட்டினோம். ஆவுக்கு ஆணி. என் கடையில் ஆணிக்கா பஞ்சம்? பசை தாங்கவில்லை, நூல் போட்டுத் தாளோடு தைத்துவிட்டேன். இவுக்கு இலை. ஈ வந்ததும், உயிரோடு பிடித்து ஒட்டுவதா, செத்ததை ஒட்டுவதா என்று கேட்டாள். வீடே சிரித்தது. தங்கச்சி மகள் மட்டும், “திங்கிற அரிசிய ஒட்டி வெளையாடுறீங்களே மாமா” என்றாள்.

மழை கொஞ்சம் விட்டதும் அவள் துணியை மூட்டை கட்டிவிட்டாள். இருந்த நாளெல்லாம் விடியுமுன் எழுந்து கடை வாசலைக் கூட்டினாள், எல்லார் தட்டையும் கழுவினாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். மற்றவர்கள் சொன்னார்களா, தெரியாது. பஸ்ஸில்தான் போவேன் என்று போய்விட்டாள். எழுத்துத் தாளெல்லாம் சுருட்டிக் குழந்தையின் கக்கத்தில்.

அதற்குப் பிறகு பௌர்ணமிக்குப் பௌர்ணமி, போயா லீவுக்குக் கடை பூட்டினால் நான் தோட்டத்துக்குப் போவேன். புது எழுத்து வெட்டிக்கொண்டு போவேன். பலகைக்குப் பக்கத்தில் குழந்தை வந்து காத்து நிற்கும். முதல் தடவை அந்தப் பலகையில் ‘அபாயம்’ என்றிருந்த முதல் எழுத்தைத் தொட்டு, “அ இங்கயும் இருக்கு தாத்தா” என்று காட்டினாள். கெட்டிக்காரி என்று தூக்கிக்கொண்டேன். மீதியை நான் வாசித்துக் காட்டவில்லை.

லயத்தில் அவர்கள் இருக்கிற காம்பராவின் பின்சுவரில் எழுத்தெல்லாம் வரிசையாக ஒட்டியிருந்தது. ஏன் அவ்வளவு கோணலாக, ஏணி வைத்த மாதிரி மேலே ஏறிப் போகிறது என்று நினைத்தேன். கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது, சுவரில் வெடிப்பு விட்டிருக்கிறது, வெடிப்பு போன வழியில் எழுத்தை ஒட்டியிருக்கிறாள் தாய்க்காரி. பிள்ளை பார்த்துப் பயப்படாமல் இருக்கவும், குளிர் காற்று உள்ளே வராமல் இருக்கவும்.

அடுத்த தடவை போனபோது அ நடுவால் கிழிந்திருந்தது. அரிசி உதிர்ந்து தரையில் கிடந்தது. அடுத்த காம்பராக் கோழி உள்ளே வந்து கொத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைக் கிழித்துப்போட்டாயே என்று குழந்தையைச் சத்தம் போட்டேன்.

“நான் கிழிக்கல தாத்தா. அதுவா கிழியுது.”

தங்கச்சி மகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுவர் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதுளையில் பாதி வீட்டுக்குச் சீமெந்து கொடுத்தவன் நான். உடனே ஆள் அனுப்பி அந்த வெடிப்பைப் பூசினேன். பூச்சுக்குப் பக்கத்தில் புதிதாக விட்டது. சுவர் வெடிக்கவில்லை, கீழே நிலம் நகர்கிறது. மேலே எவ்வளவு பூசினாலும் அதுதான்.

அன்றைக்கு உட்காரவைத்துப் பேசினேன். மீரியபெத்தையில் மலை இறங்கி லயத்தோடு ஆட்களை மூடினது உனக்குத் தெரியாததா, என் வீட்டில் ஒரு மாடியே சும்மா கிடக்கிறது, வந்து இரு என்றேன்.

“பெரட்டுக்கு நிக்கலேன்னா பேர வெட்டிருவாங்க மாமா. பேர் இல்லாட்டி, வீடு கட்டிக் குடுக்கிற அன்னைக்கு நான் யாரு?” காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற அந்தப் பெரட்டைத்தான் அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

வீடு கட்டிக்கொடுப்பார்கள் என்று என் அப்பனுக்கும் சொன்னார்கள். அதைச் சொன்னேன். அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். பிறகு, “உங்க வீட்டுல நான் உக்காந்து சாப்பிட்டத நீங்க பாத்திருக்கீங்களா?” என்றாள்.

என் வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமா? தேக்கில் செய்து போட்டிருக்கிறேன். ஆனால் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை நினைத்து நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

சரி, பிள்ளையை மட்டுமாவது என்னோடு விடு, டவுனில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்றேன். அதற்கு அவள் கோபப்படக்கூட இல்லை.

“இவளையும் கூட்டிட்டுப் போயிட்டா, மழ பேயிற ராத்திரி நான் எதுக்கு மாமா முழிச்சிருக்கணும்?”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கடன்காரன், கொந்தராத்துக்காரன், பொலிஸ்காரன், யாரிடமும் பேச்சில் தோற்றவன் இல்லை நான். தோட்டத்து ஒஃபிஸில் போய்ப் பேசினேன். எழுதி அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். தெரிந்த பெரிய மனுஷர்களைப் பிடித்தேன். அவர்களும் எழுதி அனுப்பினார்கள்.

இப்போது குழந்தைக்கு உயிரெழுத்து பன்னிரண்டும் தெரியும். ஔ எழுத்தைக்கூடத் தப்பில்லாமல் வரைகிறாள். ஆனால் புது எழுத்து வெட்டிக்கொண்டு போக முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் பழையதையே வெட்ட வேண்டியிருக்கிறது. அ போய், ஆ போய், போன தடவை உவும் கிழிந்திருந்தது. அவள் அழுவதில்லை, அது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. கிழிந்த இடத்தில் சுண்டுவிரலை விட்டுக் காட்டினாள். முன்னே போகாதாம், இப்போது போகிறதாம்.

கிளம்பும்போது பலகை வரைக்கும் கூடவே வந்தாள்.

“கலண்டர் தாள் வேணாம் தாத்தா. கிழியாத தாளா கொண்டாங்க.”

என் கடையில் இல்லாத சாமான் கிடையாது என்று ஊருக்கே சொல்கிறவன், நேற்றுக் கடை முழுக்கத் தேடினேன். கடைசியில் வெறும் சீமெந்துப் பை ஒன்றைத் தட்டி உதறி, அந்தத் தடித்த தாளில் அ வெட்டினேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கிழியவில்லை. நாளைக்குப் போயா. வெளியே மழை பிடித்துக்கொண்டது. பசையைக் கெட்டியாகக் காய்ச்சி வைக்கச் சொல்லித் தங்கச்சி மகளுக்கு ஃபோன் போட்டேன். அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.