கட்டிலடிக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம்

ஜெயங்கொண்டத்தில் நானும் கணவரும் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுத்த காலம். மானிட்டர் போன பழைய கம்ப்யூட்டரைக் கட்டிலடியில் வைத்து, புதுக் கம்ப்யூட்டர்களில் செய்யும் எல்லா ஃபைலும் அதிலேயே சேரும்படி கேபிள் இழுத்திருந்தேன். அவர் அதைக் கவனித்ததே இல்லை.

ஆயுத பூஜையன்று அவர் புதுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் சந்தனம் வைத்தார். "செத்த சாமானுக்கு எதுக்குடி?" என்று பழையதன் பிளக்கைப் பிடுங்கி, சீரியல் லைட்டைச் சொருகினார். வேண்டுமென்றே நான் தடுக்கவில்லை.

அந்த நேரம், பத்திரிகைக்குச் சொல்லியிருந்த ஒரு பெண் வீட்டார் அதைப் பார்க்க வந்தார்கள். புதுக் கம்ப்யூட்டர்களில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. "என்னடி ஆச்சு?" என்று பதறினார்.

"எல்லாம் நீங்க பிடுங்குன சாமான்லதான் இருக்கு. மொதல்ல அதுக்குச் சந்தனம் வைங்க, அப்பறம் பிளக்கைச் சொருகுங்க" என்றேன்.

வந்தவர்கள் பார்க்க, கட்டிலடியில் குனிந்து சந்தனம் வைத்தார். புருஷனை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியவள் என்று உறவில் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். அவர் செத்த சாமான் என்றது என் உழைப்பை.